மாறிப்போன மூன்றாவது ரீல்

பொம்மைப் படங்களில் நண்பர்கள் கடைசி ரீலில் சேர்ந்துவிடுவார்கள். நான் பார்த்தவரை இதற்கு விலக்கு கிடையாது.

என் அப்பா திண்டுக்கல்லில் ஒரு சினிமாக் கொட்டகையில் ஆபரேட்டர். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் எப்போதாவது பிள்ளைகளுக்காகப் போடும் சித்திரப் படங்களை ஆபரேட்டர் அறையின் சின்னச் சதுர ஓட்டை வழியாகப் பார்த்து வளர்ந்தேன். பன்னிரண்டு வயதுக்குள் பதினேழு படங்கள். பட்டியல் வைத்திருந்தேன். இங்கிலீஷ் பெயர்கள் மனதில் நிற்காததால் மிருகங்களின் பெயரிலேயே எழுதிக்கொண்டேன். எலியும் ஆடும். தவளையும் கிழட்டுப் பூனையும். மூன்று முள்ளம்பன்றிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அவை சேரும் இடத்தை எழுதுவேன். 'எலி கயிற்றைக் கடித்து அவிழ்த்தது. ஆடு ஓடாமல் எலிக்காக நின்றது.' 'பூனைக்குக் கண் தெரியாது என்று தவளைக்குத் தெரியும், ஆனாலும் சொல்லிக் காட்டவில்லை.' இப்படி.

அந்த இடங்களில் கொட்டகைப் பிள்ளைகள் கை தட்டுவார்கள். நான் தட்டியதில்லை. ஓட்டைக்குப் பின்னால் இருப்பவள் தட்டினால் யாருக்கும் கேட்காது.

பட்டியலில் பதினெட்டாவதாக 'கழுதைக்குட்டியும் வாத்தும்' என்று இருக்கிறது. அதற்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.

என் கூட்டாளி ஏழாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். தொப்பம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஏதோ கிராமம். தென்னையும் காய்கறியும் போடும் குடும்பம். பள்ளியை ஒட்டிய ஹாஸ்டலில் தங்கினாள். முதல் நாள் என் பெஞ்சுக்கு வந்து, "ஏனுங்க, இங்க உக்காரலாமுங்களா?" என்றாள். பன்னிரண்டு வயதுப் பெண் இன்னொரு பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் கேட்ட கேள்வி. பின் பெஞ்சு விழுந்து சிரித்தது.

"ஏனுங்க பெஞ்சுங்க, செத்த நகருங்களேன், எங்க ஊரு மகாராணி உக்காரணுமாம்" என்றாள் பின் பெஞ்சுக்காரி ஒருத்தி. அவளுக்குக் குரல் நடிப்பு நன்றாக வரும்.

புதியவள் திரும்பிப் பார்த்தாள். "எங்கூர்ல எருமைக்குக்கூட மரியாதை குடுப்பமுங்க. உங்களுக்குக் குடுக்கறதுல ஒண்ணுங் கொறஞ்சு போயிராதுங்க."

எனக்கு அந்த நிமிஷமே அவளைப் பிடித்துவிட்டது.

மூன்று மாதம் என்னிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசினாள். அந்த 'ங்க' விட்டுப்போன நாளைச் சொல்ல முடியும். பள்ளிக்கூடத்தில் ஒரு சின்ன புரொஜக்டரை வாடகைக்கு எடுத்து எலியும் ஆடும் படத்தைப் போட்டார்கள். அப்பாதான் ஓட்டினார். அதில் மலை முழுக்கப் பனி விழுந்து கிடக்கும். ஆடு அதில் புதைந்து புதைந்து நடக்கும். எங்களில் யாரும் அப்படிப் பனியைப் பார்த்ததில்லை. அவள் என் காதோரம் குனிந்து, "அக்கட்டால பாரு புள்ள, இத்தன பஞ்சு கொட்டிக் கெடக்குது, ஒருத்தரும் பொறுக்கக் காணோம்" என்றாள். பார் என்றும் புள்ள என்றும் சொன்னது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு எனக்கு மட்டும் 'ங்க' கிடையாது. வகுப்பில் மற்ற எல்லோருக்கும், பியூனுக்கும், ஹாஸ்டல் நாய்க்கும்கூட உண்டு.

"கோவம் வந்தா என்ன செய்வ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கம்மாவுக்குக் கோவம் வந்தா என்னயவே வாங்க, சாப்புடுங்கன்னு சொல்லும். அடிச்சாக்கூடத் தாங்கிக்கலாம் புள்ள. அது ஆகாது."

எனக்குப் பிடித்தவர்களை நான் பட்டியல் போடுவேன். அது அப்போதும் பழக்கம், இப்போதும் பழக்கம். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அவள் வார்த்தைகளைச் சேர்க்கத் தொடங்கினேன். இடது பக்கம் அவள் சொல்வது, நடுவில் நாங்கள் சொல்வது, வலது ஓரத்தில் எப்போது சொன்னாள் என்பது. ஒறம்பரை என்றால் விருந்தாளி. பொடக்காளி என்றால் கொல்லைப்புறம். அக்கட்டால என்றால் அந்தப் பக்கம். நாற்பத்தியொரு வார்த்தைகள் சேர்ந்திருந்தன. அவளிடம் காட்டவில்லை. ஐம்பது ஆனதும் காட்டலாம் என்று வைத்திருந்தேன்.

தையல் வகுப்பில் டீச்சர் வெளியே போயிருந்தபோது பின் பெஞ்சுக்காரி என் பையிலிருந்து நூல் தேடி அந்த நோட்டை எடுத்தாள். ஒரு பக்கம் புரட்டினாள். அடுத்த பக்கம் புரட்டினாள். பிறகு பெஞ்சு மேல் ஏறி நின்று, ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"தொப்பம்பட்டிச் செய்திகள். இன்று காலை ஒறம்பரைங்க வந்தாங்க. பொடக்காளிப் பக்கமா அக்கட்டால நிக்க வெச்சிருக்காங்க. அப்புறமேட்டுக்கு என்னாச்சுன்னு தெரியலீங்க. செய்திகள் முடிந்ததுங்க."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பின் பெஞ்சுக்காரி நன்றாக வாசித்தாள், அதனால் சிரிப்பு வந்தது. இதற்கு மேல் காரணம் தேடிப் பார்த்திருக்கிறேன், கிடைக்கவில்லை.

அவள் சிரிக்கவில்லை. "கையெழுத்து ஆருதுங்க?" என்று மட்டும் கேட்டாள். பின் பெஞ்சுக்காரி நோட்டைத் திருப்பிக் காட்டினாள். என் கையெழுத்தை அவள் தினமும் பார்ப்பவள். என் பக்கம் திரும்பினாள். என் வாய் இன்னும் மூடவில்லை.

"நல்லா எழுதிருக்கீங்க" என்றாள்.

எங்கள் பள்ளியில் சண்டைக்கு முறை இருந்தது. சுண்டுவிரலை நீட்டி 'காய்' என்றால் பேச்சு நின்றுவிடும். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டி 'பழம்' என்று சொல்லி, எதிராளி அதைத் தொட்டால் பேச்சு திரும்பும். காய் விடாத இடத்தில் பழம் விட முடியாது. அவள் எனக்குக் காய் விடவே இல்லை. அதே பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். "இங்க்கு வேணுங்களா?" என்று கேட்டுப் புட்டியை நகர்த்தி வைத்தாள். "வழி விடறீங்களா" என்று போனாள். நான் விதியைக் காரணமாகச் சொல்லிக்கொண்டு பன்னிரண்டு நாள் சும்மா இருந்தேன். காய் விடட்டும், உடனே பழம் விட்டுவிடலாம் என்று காத்திருந்தேன்.

அரைப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது ஹாஸ்டல் பெண் ஒருத்தி சொன்னாள். "ஒன் கூட்டாளி லீவுக்குப் போனா வரமாட்டாளாம்ல. அவங்க வீட்ல படிச்சது போதும்னுட்டாங்களாம். டிரங்குப் பெட்டியெல்லாம் கட்டியாச்சு."

அப்போது கையில் நான்கு நாள் இருந்தது. நான்காவது நாள் பரீட்சை முடிந்து மத்தியானம் பள்ளி ஹாலில் படம். மறுநாள் காலை ரயிலில் அவள் போகிறாள்.

நான் திட்டம் போட்டேன். படம் இங்கிலீஷ் என்பதால் இங்கிலீஷ் டீச்சர் முந்தின நாளே கதையைச் சொல்லிவிட்டார். சிறகு ஒடிந்த வாத்து ஒன்று கூட்டத்தோடு பறக்க முடியாமல் நின்றுவிடுகிறது. ஒரு கழுதைக்குட்டி அதை முதுகில் ஏற்றிக்கொள்கிறது. நடுவில் சண்டை வந்து வாத்து போய்விடுகிறது. கடைசியில் பனிப்புயலில் திரும்பி வந்து கழுதைக்குட்டியைக் கண்டுபிடிக்கிறது. மூன்று ரீல். முதல் ரீலில் நட்பு, இரண்டாவதில் பிரிவு, மூன்றாவதில் சேர்வது. மூன்றாவது ரீல் முடியும்போது நான் புரொஜக்டரை விட்டு எழுந்து, அவள் வரிசைக்குப் போய், இருட்டிலேயே இரண்டு விரலை நீட்ட வேண்டும். விதி இருக்கட்டும். அவளும் அப்போதுதான் அந்த வாத்தைப் பார்த்திருப்பாள். மறுக்க மாட்டாள் என்று கணக்கு.

ரீல் பெட்டிகள் கொடைரோடு பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஓடிவிட்டு ரயிலில் வந்தன. அப்பா சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்துவந்தார். ஹாலில் ஜன்னலுக்கெல்லாம் ஜமுக்காளம் கட்டி இருட்டாக்கினோம். பெட்டிகளை வரிசைப்படி எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஒரு துண்டுத்தாளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

"நம்பர் பாத்துக்கிட்டியா ஆத்தா?" என்றார் அப்பா, பல்பைத் துடைத்துக்கொண்டே.

"மூடியில போட்டிருக்குப்பா. பாத்துட்டேன்."

முதல் ரீல் ஓடியது. மழையில் கழுதைக்குட்டி தன் வயிற்றுக்குக் கீழே வாத்தை நிற்க வைத்துக்கொண்டு தான் மட்டும் நனையும். மழை விட்டதும் வாத்து அதன் காதுக்குள் தேங்கின தண்ணீரை அலகால் உறிஞ்சி எடுக்கும். ஹால் முழுக்கச் சிரிப்பு. அவள் நான்காவது வரிசையில் இருந்தாள். பின்னல் மட்டும் தெரிந்தது. அது ஆடியதால் அவளும் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

இரண்டாவது பெட்டியைக் கொடுத்தேன். திரையில் எடுத்த எடுப்பில் புயல். வாத்து தனியாகக் கத்திக்கொண்டு பறக்கிறது. எங்கோ ஒரு கனைப்பு கேட்கிறது. வாத்து கீழே இறங்கிப் பனியை அலகால் தோண்டுகிறது. ஒரு காது தெரிகிறது. பிறகு மூக்கு. வாத்து இரண்டு சிறகையும் விரித்துக் கழுதைக்குட்டியின் கழுத்தை மூடிக்கொள்கிறது. அவ்வளவுதான், வேறொன்றும் செய்யவில்லை. ஹாலில் கைதட்டல். நான்காவது வரிசையில் அந்தப் பின்னல் என் பக்கம் திரும்பியது. புரொஜக்டர் வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். என்னைத்தான் பார்த்தாள்.

நான் எழுந்திருக்கவில்லை. சண்டையே வராமல் எப்படிச் சேர்ந்தன என்று ஒரு குழப்பம் இருந்தது. ஆனால் என் தாளில் இன்னும் ஒரு ரீல் பாக்கி இருந்தது. கடைசி ரீல் முடியும்போது என்றுதானே திட்டம்.

பெட்டிக்குள் ரீல்கள் மாறியிருந்தன. போன பள்ளியில் யாரோ மூன்றாவதை இரண்டாவது பெட்டியில் போட்டு மூடியிருக்கிறார்கள். பழைய பிரிண்ட் என்பதால் படம் முடிந்ததென்று காட்டும் எழுத்து எப்போதோ கிழிந்து போயிருந்தது. அப்பாவுக்குத் தெரிய வழியில்லை. ஆபரேட்டர்கள் கதை பார்க்க மாட்டார்கள், பிலிம் சரியாக வளைந்து ஓடுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். நான் மூடியைப் பார்த்தேன், உள்ளே பார்க்கவில்லை.

ஆகவே கடைசியாகச் சண்டை ஓடியது. சிறகு சரியாகிவிட்டதை வாத்து மறைத்து வைத்திருந்ததைக் கழுதைக்குட்டி கண்டுபிடித்து உதைக்கிறது. வாத்து பறந்து போகிறது. குட்டி மேட்டில் ஏறி நின்று வானத்தைப் பார்க்கிறது. மேலே பனி விழத் தொடங்குகிறது. அதோடு வெள்ளைத் திரை. ஜமுக்காளங்களை இழுத்தார்கள். வெயில் உள்ளே வந்து விழுந்தது.

"ரீல் மாறிப் போச்சு" என்றார் இங்கிலீஷ் டீச்சர். "பெட்டிய யாரு பாத்தது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஆபரேட்டர் மகளே படத்தக் கவுத்துட்டாளே" என்று பின் பெஞ்சுக்காரி சொன்னது ஹாலுக்கே கேட்டது.

தண்ணீர்க் குழாயடியில் அவள் கை கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். விரல் இரண்டும் சேர்ந்துதான் இருந்தன, பாவாடை மடிப்புக்குள்.

"ஏனுங்க" என்றாள், என் பக்கம் திரும்பாமலே. "சேந்ததயும் பிரிச்சு வெச்சிட்டீங்களா?"

நான், "மூடியில நம்பர் சரியாத்தான் இருந்துச்சு" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். நான் அடுத்து ஏதோ சொல்வேன் என்று நினைத்திருக்கலாம். பிறகு கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.

லீவில் அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். முகவரியை ஹாஸ்டல் பதிவிலிருந்து வாங்கினேன். ரீல் மாறியதற்கு என் பேரில் குற்றம் இல்லை என்பதற்கு ஐந்து காரணங்களை நம்பர் போட்டு எழுதினேன். ஐந்தும் சரியானவை. இன்றைக்கு எழுதினாலும் ஒன்றைக்கூட மாற்ற மாட்டேன். பதில் வரவில்லை. ஐந்து காரணம் சொல்லியும் நம்பாதவள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. அந்தக் கோபம் பல வருஷம் எனக்கு உதவியாக இருந்தது.

அதே படத்தை ஒரு வருஷம் கழித்துக் கொட்டகையில் சரியான வரிசையில் பார்த்தேன். புயலில் வாத்து சிறகை விரித்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பிறகு நான் டிப்ளமா படித்தேன். மின்சார ஆபீஸில் படம் வரையும் வேலை கிடைத்தது. கிணற்றுப் பம்புசெட்டுக்குக் கரண்ட் கேட்டு வரும் விண்ணப்பங்களுக்கு, எந்தக் கம்பத்திலிருந்து எந்தக் கிணற்றுக்கு எத்தனை அடி என்று படம் போட்டுக் கொடுக்க வேண்டும். ஹாலில் பதினான்கு ஆண்களும் நானும். விவசாயிகள் முதலில் என்னைத் தாண்டிப் பக்கத்து மேசைக்குப் போவார்கள். அங்கிருந்து திருப்பி அனுப்புவார்கள்.

போன சித்திரையில் ஒரு நாள் அப்படி ஒரு பெண் திரும்பி வந்தாள். கையில் மடித்த காகிதம். கூட வந்தவர் வராந்தாவில் ஒயர்மேனோடு பேசிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, கெணத்துப் படம் இங்கதானுங்களா?"

நான் நிமிர்ந்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டது.

"ஆபரேட்டருங்க மகதானுங்களே" என்றாள்.

"ஆமா. உக்காரு" என்று சொல்ல நினைத்தேன். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, உக்காரு வரவில்லை. உக்காருங்க என்றால் நானும் அந்த 'ங்க'வை ஒப்புக்கொண்டது மாதிரி. நாற்காலியைக் காட்டினேன். அவள் உட்கார்ந்தாள். காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். கிணறு, வாய்க்கால், எட்டுத் தென்னை, ஒரு வீடு. யாரோ பென்சிலால் போட்டிருந்தார்கள். அளவு எதுவும் இல்லை. கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். கம்பம் எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு, "வாய்க்காலுக்கு அக்க..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தி, "அந்தப் பக்கமுங்க" என்றாள்.

நான் ஸ்கேலை நகர்த்திக்கொண்டே, "அப்ப ஒரு லெட்டர் போட்டிருந்தேன்" என்றேன்.

"வந்துச்சுங்க."

"பெட்டி மாறினதுல என் தப்பு இல்ல. கொடைரோட்டுலயே மாத்தி வெச்சு..."

"அது எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க. ஆராச்சும் வேணும்னு படத்த மாத்துவாங்களா? சும்மா ஒரு கோவத்துல கேட்டனுங்க." சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "அந்த நோட்டப் பத்தி எழுதிருப்பீங்கன்னு பாத்தனுங்க. ஒண்ணு ரெண்டுன்னு போட்டிருந்தீங்களா, ஆறாவது இருக்குமோன்னு தாளத் திருப்பிக்கூடப் பாத்தனுங்க. பின்னால வெறுந்தாளா இருந்துச்சு."

மேசை மேல் என் கை இருந்தது. பேனாவை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்துப் பிடித்திருந்தன. கீழே வைத்துவிட்டு விரலை நீட்ட ஒரு நொடி போதும்.

"அந்த நோட்டு இன்னும் இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. எங்கயோ தொலஞ்சு போச்சு."

அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நாற்பத்தியொன்றோடு நிற்கிறது.

"போகட்டுமுங்க" என்றாள்.

படம் இன்னும் முடியவில்லை. கம்பத்துக்கும் கிணற்றுக்கும் தூரம் போட வேண்டியிருந்தது. போட்டேன். திசை காட்டும் அம்பு போட்டேன். கீழே கையெழுத்துப் போட்டேன். அவள் என் கையெழுத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு காகிதத்தை மடித்து எழுந்தாள்.

"வாரனுங்க."

வராந்தாவில் அவள் புருஷன் கேட்டது ஜன்னல் வழியாகக் கேட்டது. "ஆரு புள்ள அது? ரொம்ப நேரமாப் பேசிட்டிருந்தயே, தெரிஞ்சவங்களா?"

"இல்லீங்க" என்றாள். "படம் போடறவங்க."